நாலு கியரா, ஐந்து கியரா

என் கணவர் அந்தக் காரை வாங்கி வந்தபோது அது நிற்க எங்கள் வீட்டு முன்பக்கம் போதவில்லை. அதன் மூக்கு அடுத்த வீட்டின் ஜன்னலுக்கு நேரே போய் நின்றது.

எண்பதுகளின் கடைசி. நாங்கள் லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் ஒரு ஒடுங்கிய தெருவில் குடியிருந்தோம். அவருக்கு ஹவுன்ஸ்லோவில், விமான நிலையத்துப் பொதிகள் வந்து இறங்கும் கிடங்கில் வேலை. அவரோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் ஸ்பெயினுக்குப் போய்க் குடியேறப் போகிறார் என்று தன் காரை விற்றார். அறுபதுகளில் செய்த அமெரிக்கக் கார். கதவு இரண்டுதான். ஸ்டியரிங் இடப்பக்கம். எட்டு சிலிண்டர் எஞ்சினுக்குப் பலம் கூட்ட மேலும் சாமான் பூட்டி, அது உள்ளே அடங்காமல் போகவே, எஞ்சினை மூடும் பொனற்றில் ஓட்டை வெட்டி ஒரு திமிலும் வைத்திருந்தார் அந்த மனுசன். பழுத்த பப்பாளிப் பழத்தின் நிறம். பின் ரயர்கள் ஒவ்வொன்றும் ஆட்டுக்கல் போல.

"இதில ஆர் போறது?" என்று கேட்டேன்.

"நாங்கள்தான். வேற ஆர்?"

"எங்க போறது?"

அவர் எங்கும் போகலாம் என்பது போலக் கையை ஒரு முறை சுழற்றினார்.

எனக்கு அப்போது கவுன்சிலில் வேலை. வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்குச் சமையல், துப்புரவு எல்லாம் பார்க்க வேண்டும். அதற்கென்று ஒரு சின்னக் கார் வைத்திருந்தேன். கியர் மாற்றி ஓட்டுகிற கார். அதை என் கணவர் ஒருநாளும் தொட்டதில்லை. "உம்மட காருக்குள்ள எனக்குக் கால் இடிக்குது" என்பார். அவருக்கு அப்படியொன்றும் நீளமான கால் இல்லை. நான் அதைப் பற்றி யோசிக்கவுமில்லை.

அமெரிக்கக் காரில் இருந்தது தானாகவே மாறும் ஓட்டோ கியர். வாங்கிச் சில வாரங்களில் அது செத்துப்போனது. முழுவதும் சாகவில்லை என்பதுதான் பிரச்சினை. கடைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், எங்கள் தெருவுக்கு இரண்டு திருப்பம் முன்னால், கார் முன்னுக்குப் போக மாட்டேன் என்றது. எஞ்சின் உறுமியது, கார் அசையவில்லை. பின்னுக்கு மட்டும் நன்றாகப் போனது. என் கணவர் காரைக் குறுக்கே மடக்கிப் பின்பக்கத்தை வீட்டுப் பக்கம் திருப்பி, கழுத்தை முறுக்கிக்கொண்டு பின்பக்கமாகவே ஓட்டினார். நான் வெங்காயப் பையை மடியில் வைத்துக்கொண்டு, விலகிப் போகும் உலகத்தைப் பார்த்தபடி இருந்தேன். பஸ் தரிப்பில் நின்றவர்கள் கை தட்டினார்கள். அவர் தலையசைத்து அதை ஏற்றுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு பிளேஸ்டோவிலிருந்து அண்ணை வந்தார். அண்ணை எங்களுக்கு உறவில்லை. அங்கே ரயில் பாலத்தின் கீழே வாகனம் திருத்தும் கராஜ் வைத்திருந்தார். ஊரில் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர். காரின் கீழே படுத்து எழும்பி, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"தம்பி, இந்த எஞ்சினுக்கு இந்தக் கிழட்டு ஓட்டோ காணாது. எஞ்சின் தாற பலத்தில பாதியை இதே திண்டிடும். கையால கியர் மாத்திற மனுவல் போடுவம்."

"நானும் அதைத்தான் நினைச்சனான்" என்றார் என் கணவர். அவர் அப்படி நினைத்ததற்கான எந்த அறிகுறியும் அதுவரை இல்லை.

எந்த மனுவல் என்பதில்தான் எங்கள் வீட்டில் அரசியல் தொடங்கியது. அண்ணை இரண்டு வழி சொன்னார். ஒன்று, அந்தக் காலத்தில் அதே காருக்குப் போட்ட நாலு கியர்ப் பெட்டி. இரும்பு. உடையாது. நேராகப் பொருந்தும். ஆனால் நெடுஞ்சாலையில் ஏறினால் எஞ்சின் ஓயாமல் கத்தும். மற்றது, பிறகு வந்த கார்களில் உள்ள ஐந்து கியர்ப் பெட்டி. பாரம் குறைவு. ஐந்தாவதில் போட்டால் எஞ்சின் மெதுவாகச் சுற்ற, கார் வேகமாகவே போகும். ஆனால் அதற்குத் தரையில் கொஞ்சம் வெட்ட வேண்டும், பின் சில்லுகளைச் சுழற்றும் தண்டின் நீளத்தை மாற்ற வேண்டும். எஞ்சின் வெறிகொண்டால் பெட்டியின் பல்லும் போகலாம். அதிலேயே பலமான வகை ஒன்று இருக்கிறது, தேடிப் பிடிக்க வேண்டும்.

"நீ என்னத்துக்கு இதை ஓடப்போறாய்? ரேஸுக்கோ?"

"வேலைக்குப் போக. பிறகு கோயிலுக்கு."

"அப்ப அஞ்சு."

"இல்லை அண்ணை. நாலுதான் இந்தக் காருக்கு மரியாதை."

அண்ணை என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நீங்கள் என்ன சொல்லுறியள்?"

என்னிடம் யாரும் கேட்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "நாலு கியர் எண்டால் சத்தத்தில கதைக்க ஏலாதெல்லோ. அஞ்சைப் போடுங்கோ" என்றேன்.

"பாத்தியளே அண்ணை," என்றார் என் கணவர், "நாலுக்கு அதுதான் முக்கியமான காரணம்."

அந்த வாரம் முழுதும் எங்கள் குசினியில் கார் ஓடியது. இரண்டு நாற்காலியைப் பக்கம் பக்கமாக வைத்து, நடுவில் வாளிக்குள் வீடு கூட்டும் தும்புத்தடியை நட்டு, அதுதான் கியர்க் கம்பு என்றார். என்னை வலப்பக்கத்தில் உட்காரச் சொன்னார். நாலு கியர்ப் பெட்டியென்றால் கம்பு எங்கே வரும், ஐந்து கியரென்றால் எங்கே வரும் என்று வாளியை முன்னும் பின்னும் நகர்த்தினார். வாயாலேயே எஞ்சின். மூன்றாவதுக்குத் தள்ளும்போதெல்லாம் தும்புத்தடி என் முழங்காலில் இடித்தது.

"நீர் கொஞ்சம் தள்ளி இரும்."

"குசினியிலயே இடம் காணாட்டி காருக்குள்ள என்ன செய்யிறது?"

"காருக்குள்ள நீர் ஒடுங்கி இருப்பீர்."

அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. அன்று அந்த ஓட்டம் அத்தோடு முடிந்தது.

கடைசியில் முடிவு வந்த விதம் இது. நாலு கியர் போட்ட அதே மாதிரிக் கார் ஒன்று அண்ணையிடம் திருத்த வந்திருந்தது. "ஒருக்கா இருந்து பாருங்கோ" என்று எங்களைக் கூப்பிட்டார். அண்ணை ஓட்ட, என் கணவர் பக்கத்தில், நான் பின்னால். பெரிய சாலையில் ஏறினோம். எனக்குப் பல் அதிர்ந்தது. என் கணவர் திரும்பி ஏதோ சொன்னார்; வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. அண்ணை மேலும் மிதித்தார். திரும்பி வந்து இறங்கியபோது என் கணவர் முகம் ஞானம் பெற்றவர் முகம் போலச் சாந்தமாக இருந்தது. காது அடைத்துவிட்டது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது.

"தம்பி, தேத்தண்ணி குடிக்கிறியோ?" என்றார் அண்ணை.

"ஓம்."

"சீனி போடவோ?"

"ஓம்." அவர் சீனி போடாதவர்.

நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை என்னைப் பார்த்தார். "அப்ப அஞ்சு கியர்தானே?" என்று நான் கேட்டேன்.

"ஓம்" என்றார் என் கணவர், புன்னகையோடு.

அண்ணை பலமான வகையையே தேடிப் பிடித்தார். வேலை முடிய மாதக்கணக்கானது. என் கணவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் பிளேஸ்டோ போய், நட்டு முறுக்கும் சாவி எடுத்துக் கொடுக்கிறேன் என்று நின்று, கை முழுதும் கிறீஸோடு வந்தார். இடப்பக்க மிதி எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்பது பற்றியும் பேச்சு நடந்தது. ரேஸ்காரர் போடும் கடும் கிளச் வேண்டும் என்று இவர் கேட்க, அண்ணை காதிலேயே போட்டுக்கொள்ளாமல் சாதாரணமானதைப் போட்டார். வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும்போதும் அவர் இடக்கால் கம்பளத்தை மிதித்துக்கொண்டே இருந்தது.

கார் தயார் என்று சொன்ன அன்று நான் நாலு எலுமிச்சம்பழம் கொண்டுபோனேன். சில்லுக்கு ஒன்றாக வைத்தோம். அண்ணை கற்பூரம் கொளுத்தினார். கராஜின் முற்றத்திலேயே முதல் ஓட்டம். என் கணவர் ஏறி அமர்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, என்னைப் பார்த்துக் கண்ணடித்து, கிளச்சை விட்டார். கார் தவளை போல ஒரு பாய்ச்சல் பாய்ந்து நின்றது. ஒரு எலுமிச்சம்பழம் நசியாமல் வழுக்கிப் பறந்து அண்ணையின் முழங்காலில் பட்டது. மறுபடி எஞ்சினை எடுத்தார். மறுபடி தவளை. மூன்றாம் தரம் கார் முன்னுக்குப் பாய்வதற்குப் பதில் பின்னுக்குப் பாய்ந்தது.

அண்ணை முழங்காலைத் தடவிக்கொண்டு கிட்ட வந்தார். "தம்பி, நீ லைசென்ஸ் எங்க எடுத்தனீ?"

"லண்டனிலதான்."

"என்ன காரில?"

"சின்னக் கார் ஒண்டு."

"என்ன கியர்?"

என் கணவர் ஸ்டியரிங்கைத் துடைத்தார். "ஓட்டோ."

மேலே ஒரு ரயில் போனது. அது போய் முடியும் வரை காத்திருந்து அண்ணை சொன்னார்: "அப்ப உனக்கு இதை றோட்டில ஓட ஏலாதடா."

"லைசென்ஸில ஓட்டோ மட்டும் எண்டதைச் சும்மா ஒரு புத்திமதிக்கு எழுதியிருக்கிறாங்கள் எண்டு நினைச்சன். நான் ஊரில மாமான்ர லொறியே ஓடினனான்."

"எவ்வளவு தூரம்?"

"வாசல் வரைக்கும்."

என் காருக்குள் அவருக்கு ஏன் கால் இடித்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கோபம் வர வேண்டிய இடம். ஆனால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, மூக்கால் வந்து, பிறகு அண்ணைக்கும் தொற்றி, இருவரும் ரயரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். என் கணவர் மட்டும் காருக்குள் நேராக உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு நான்தான் ஓட்டினேன். இடப்பக்கத்தில் இருந்து நான் அதற்கு முன் ஓட்டியதில்லை. மிதி எட்டாமல் முதுகுக்கு அண்ணையின் மனைவி தந்த தலையணை. ஆனால் கிளச்சை விட்டதும் கார் வெண்ணெய் போல நகர்ந்தது. அண்ணை மறுபடி வைத்த எலுமிச்சம்பழங்கள் நசிந்த சத்தம் கூடக் கேட்டது. பிளாக்வால் சுரங்கத்துக்குள் போனபோது அந்த எஞ்சினின் சத்தம் சுவர்களில் பட்டுத் திரும்பி வந்து என் நெஞ்சுக்குள் உட்கார்ந்தது. அதுவரை காரைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயமும் இருக்கவில்லை. சுரங்கத்தின் மறுபக்கம் வெளியே வந்தபோது இருந்தது.

இந்த நாட்டில் ஓட்டுபவர் வலப்பக்கம் இருப்பார் என்பதால் தெருவில் எல்லோரும் என் கணவரைத்தான் பார்த்தார்கள். சிவப்பு விளக்கில் ஒரு வான்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். என் கணவர் அடக்கமாகத் தலையசைத்தார். அடுத்த விளக்கில் ஒருவர், "நல்லா ஓடுது!" என்று ஆங்கிலத்தில் கத்தினார். "கொஞ்சம் வேலை செய்ய வேண்டியிருந்தது" என்று இவர் பதில் சொன்னார். ஸ்ட்ரெத்தம் வந்தபோது ஒரு கையை ஜன்னலில் ஊன்றி, வெற்றுக் காற்றில் மற்றக் கையால் ஸ்டியரிங் பிடிக்கவும் தொடங்கிவிட்டார்.

அதன் பிறகு அந்த ராட்சசக் காரின் முன்னும் பின்னும் சிவப்பு எல் பலகை தொங்கியது. பழகுபவர் அவர், பக்கத்திலிருந்து பார்ப்பவள் நான். மணிக்குப் பத்து மைல் வேகத்தில் பப்பாளிப் பழம் தெருத்தெருவாக ஊர்ந்தது. ஒருநாள் விளக்கில் நிற்கும்போது ஒரு பொலிஸ்காரர் நடந்து வந்து என் பக்க ஜன்னலில் குனிந்தார். நான் முறுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா, எஞ்சினை நிறுத்துங்கள்" என்றார்.

"சாவி அந்தப் பக்கம் இருக்கிறது" என்றேன்.

அவர் அந்த நீண்ட பொனற்றைச் சுற்றி நடந்து போனார். அதற்குள் பச்சை விழுந்துவிட்டது. பதற்றத்தில் என் கணவர் கிளச்சை விட, கார் குதித்து நின்றது.

"நிறுத்திட்டன் சேர்" என்றார் என் கணவர், தமிழிலேயே.

பொலிஸ்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பொனற்றைத் திறந்து காட்ட முடியுமா? தெரு ஓரத்தில் நிறுத்தித் திறந்தோம். தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார். என்ன கியர்ப் பெட்டி என்று கேட்டார். ஐந்து கியர் என்றதும், "நல்ல முடிவு" என்றார். "நானும் அதைத்தான் நினைச்சனான்" என்று என் கணவர் ஆங்கிலத்தில் சொன்னார்.

சோதனைக்கு அவர் பயிற்சிப் பள்ளியின் குட்டிக் காரில் போனார். முதல் தரம் தோல்வி. முழுப் பாதையையும் இரண்டாவது கியரிலேயே ஓட்டியிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, இரண்டாவது தனக்குப் பிடித்துவிட்டது என்றார். அடுத்த தரம் வென்றார். அன்று என்னை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போய், ஒவ்வொரு கியராக வாயால் எண்ணி, ஐந்தாவதில் போட்டார். எஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. அவர் முகம் பார்க்க வேண்டியதாக இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், வீட்டுக்கு ஆள் கூடி இரண்டு கதவு போதாமல் போனபோது அதை விற்றோம். வாங்க வந்தவர் ஒரு பல் வைத்தியர், நடுத்தர வயதுப் பெண். சாவியை வாங்கிக்கொண்டு, உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பினார். நாங்கள் வாசலில் நின்றோம். கார் தெரு முனையில் திரும்பி மறைந்தது.

"பேசாதேயும்" என்றார் என் கணவர், காதைத் தீட்டிக்கொண்டு. "ரெண்டுக்குப் போட்டிட்டா." கொஞ்சம் பொறுத்து, "மூண்டு." பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. "விளக்கில நிக்கிறா போல."

ஒரு பஸ் வந்து அந்தச் சத்தத்தை மூடியது. அவர் அது போகட்டும் என்று அங்கேயே நின்றார். நானும் நின்றேன்.