அம்பிட்டிய இறக்கத்தில் வெறுங்கார்

பிரேக் ஒயில் வாடை அப்பாவின் சட்டையை விட்டுப் போகாத அந்த ஞாயிற்றுக்கிழமை, அம்பிட்டிய இறக்கத்தின் மேல்முனையில் நின்றவர்கள் அப்பா, அம்மா, நான், இரண்டு பிள்ளைகளை எங்கள் காரில் பள்ளிக்கு அனுப்பும் நஸீர் நானா, மூன்று பிள்ளைகளை அனுப்பும் செல்வி அக்கா. அவ்வளவு பேர்தான், ஆனால் எங்கள் வீட்டில் உலை கொதித்ததே அந்தப் பிள்ளைகளுக்காக வந்த மாதக் கார்க்கூலியில்தான்.

முந்தின வாரம் அதே இறக்கத்தில் மிதித்த பிரேக் தரையோடு போய்விட, பிள்ளைகளோடு வந்த பழைய மொரிஸ் மைனரை அப்பா மண்மேட்டில் உரசி நிறுத்தினார். ஒருவருக்கும் கீறல் இல்லை. மறுநாள் ஒருவரும் ஏறவும் இல்லை. அப்பா பின்சில்லுகளைக் கழற்றி, ஒயில் கசிந்த சிலிண்டருக்குப் புது ரப்பர் போட்டு, ஒயிலில் ஊறிப்போன பிரேக் "சூ"க்களுக்கு லைனிங் மாற்றி, அவை உரசும் டிரம்மை லேத்தில் கொடுத்துச் சீராக்கினார். பிரேக் குழாயிலிருந்த காற்றை எடுக்க நான் சீட் நுனியில் உட்கார்ந்து மிதிக்க, "அமத்து, புடி, விடாத" என்று காருக்கடியிலிருந்து அவர் குரல் வந்துகொண்டே இருந்தது. சரியாகத்தான் பிடித்தேனா என்று அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

"இப்ப மிதிச்சா கல்லு மாதிரி நிக்கும், நானா" என்றார் அப்பா.

"அப்ப மகள ஏத்திக்கிட்டு ஒருக்கா கீழ போய்ட்டு வாங்களேன்."

"மொதல்ல ஒங்க வயித்த ஏத்துங்க நானா, அதுவே ரெண்டு புள்ள பாரம்" என்றார் செல்வி அக்கா. எல்லாரும் சிரித்தோம். ஆனால் கேட்டது கேட்டபடியே நின்றது.

அப்பா எனக்காகக் கதவைத் திறந்தார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்பா அவள் முகத்தைப் பார்த்தார், கதவைச் சாத்தினார். "வெறும் வண்டிய மொதல்ல பாப்பம்."

கார் இறங்கியது. பாதி இறக்கத்தில் மிதித்தார், நின்றது. மறுபடி உருட்டி, ஹேண்ட் பிரேக்கை மட்டும் இழுத்தார். அப்போதும் அசையாமல் நின்றது. "நின்னுடுச்சி!" என்று கத்தித் திரும்பினேன். ஒருவரும் காரைப் பார்க்கவில்லை. நஸீர் நானாவும் செல்வி அக்காவும் என் மணிக்கட்டில் இருந்த அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை அப்பா ஹோர்ன் அடித்து அடித்துக் காத்திருந்தார். ஒரு பிள்ளையும் வரவில்லை. அந்த வருடமே நான் பள்ளியை விட்டு, டவுனில் ஒரு புடவைக் கடையில் துணி மடிக்கப் போனேன்.

காரைக் கழற்றித் துண்டு துண்டாக விற்றாயிற்று, அப்பாவும் இல்லை. இன்றைக்கும் குண்டசாலை பஸ்ஸில் இறக்கம் வந்தால் என் வலது கால் தானாகத் தரையை அமத்துகிறது. அன்று பிரேக் பிடித்தது. அதைக் கண்டது நான் ஒருத்திதான்.