தவிட்டுக்கு விற்ற பிள்ளை

இது நடந்தது. 2008-ஆம் வருடம் மே மாதம், கீழ்க்கட்டளையில் ஒரு வாடகை வீட்டின் கீழ்ப் போர்ஷனில் நடந்தது. பேய் என்றால் நடுராத்திரி, வெள்ளைப் புடவை, மல்லிகைப்பூ வாசனை என்று காத்திருப்பவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம். இது காலை ஏழு மணிக்கு, பால் பாக்கெட்டும் பேப்பரும் வந்த பிறகு, நல்ல வெயிலில் கேட்டைத் திறந்துகொண்டு வந்தது.

அந்த வீட்டில் இருந்த மூன்று பெரியவர்களுக்கும் ஒருவரைக் கண்டால் ஒருவருக்கு இளக்காரம். அபிகாயிலுக்கு இரண்டாவது பிரசவம், ஆண் பிள்ளை, சிசேரியன். புருஷன் ஸ்டெபினை அவள் மனிதக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. எதைச் சொன்னாலும் "சரி" என்பான், எதையும் செய்யமாட்டான். அவன் அக்கா ஞானசௌந்தரி ஒரு பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ். லீவில் உதவிக்கு வந்திருப்பதாகப் பேச்சு. வந்த நாளாக நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளைக்கு எப்படிப் பால் கொடுப்பது என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமே பண்ணிக்கொள்ளாதவள் எனக்குச் சொல்லித் தருகிறாளாக்கும் என்று அபிகாயில் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொள்வாள்.

மூத்தவள் ஜெமிமாவுக்கு நாலு வயது. அவளைக் கைக்குழந்தையில் குளிப்பாட்டியவள் பம்மல் தனக்கோடி. கால்களை நீட்டிப் போட்டு, குழந்தையை அதில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, மூக்கை நீவி, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணி காட்டித் தருவாள். இந்தப் பிள்ளைக்குத் தொப்புள் கொடி விழுந்த அன்று அபிகாயில் புருஷனிடம் சொன்னாள்.

"ஏங்க, பம்மலுக்குப் போய் தனக்கோடி ஆயாவைக் கூட்டிட்டு வாங்க."

"சரி அபி."

மறுநாள் காலை ஏழு மணி. கேட் "க்ரீச்" என்றது. தனக்கோடி வந்து நின்றாள்.

ஆயுளில் ஒரு வேலையை உருப்படியாகச் செய்திருக்கிறான் என்று அபிகாயில் நினைத்துக்கொண்டாள். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கேறிவிடும்.

தனக்கோடி இளைத்திருந்தாள். முன்பெல்லாம் வாய் ஓயாது. பம்மலில் எந்த வீட்டில் என்ன சண்டை என்பது வரை சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் மொள்ளுவாள். இப்போது பேச்சே இல்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள். தையல் வலியோடு அபிகாயில் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். சப்... சப்... என்று எண்ணெய்க் கை. பிறகு சளசளவென்று தண்ணீர். அழுகைச் சத்தம் மட்டும் வராது. பெற்றவள் தூக்கினாலே வீடு அதிர அலறுகிற பிள்ளை அது.

காபி கொடுத்தால் தொடமாட்டாள். டம்ளரில் ஆடை கட்டிக் கிடக்கும்.

"குளிப்பாட்ட வர்றவளுக்கு இவ்வளவு ராங்கியா?" என்று ஞானசௌந்தரி முகத்தைச் சுளிப்பாள்.

ஒருநாள் ஜெமிமா ஓடி வந்தாள். "மம்மி, ஆயா குளிப்பாட்டுற இடத்துல தரையே நனையல."

"போய் விளையாடு போ. தம்பி மேல உனக்குப் பொறாமை."

மறுநாள் அபிகாயிலே சுவரைப் பிடித்து நடந்து, பின்பக்கம் போய்ப் பார்த்தாள். தனக்கோடி கிளம்பிப் போய் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தரை காய்ந்து கிடந்தது. வெந்நீர் அண்டா மூடிய மூடியோடு, விளிம்பு வரை அப்படியே இருந்தது. சாம்பிராணி போடும் தூபக்கால் அலமாரியில் இருந்தது. உள்ளே சிலந்தி கூடு கட்டியிருந்தது.

ஆனால் குழந்தையின் தலை ஈரமாக இருந்தது. சாம்பிராணி மணத்தது.

வெயிலில் காய்ந்திருக்கும், எல்லாவற்றையும் அவளே கொண்டுவருகிறாள் போல என்று அபிகாயில் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். படித்தவள் அல்லவா, சமாதானத்துக்கா பஞ்சம்?

மூன்றாவது வாரம் குழந்தை அழுவதை நிறுத்திவிட்டது. அடியோடு நிறுத்திவிட்டது.

"பார்த்தியா? எல்லாம் நான் பண்ணினது" என்றாள் ஞானசௌந்தரி. என்ன பண்ணினாள் என்று சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. கேட்டால் அதற்கு ஒரு பாடம் நடக்கும்.

பசிக்கும் அழவில்லை. மார்பில் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பாலைப் பீய்ச்சிப் பாலாடையில்தான் புகட்ட வேண்டியிருந்தது. நாள் முழுக்கக் கண் மூடிக் கிடக்கும். காலை ஏழு மணிக்கு...

க்ரீச்.

கண் திறக்கும். சிரிக்கும். இருபது நாள் பிள்ளை, வாசலைப் பார்த்துச் சிரிக்கும்.

அபிகாயிலுக்கு வயிறு எரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்பக்கம் போகிறவளை வழிமறித்தாள்.

"குடுங்க ஆயா. இன்னைக்கு நானே குளிப்பாட்டிக்கிறேன்."

தனக்கோடி பிள்ளையை விடவில்லை.

"உனக்கு இன்னா தெரியும்? என் புள்ளைய நான் பாத்துக்கறேன்."

இத்தனை நாளில் அவள் பேசியது அவ்வளவுதான். பிடுங்கும்போது அவள் கை பட்டது. தினமும் வெந்நீரில் அளைகிற கை.

ஐஸாக இருந்தது.

அவள் போனதும் அபிகாயில் புருஷனை உலுக்கி எழுப்பினாள். மற்ற நாளில் ஆறரைக்குக் கம்பெனி பஸ் ஏறிவிடுவான். ஞாயிறு ஒன்பது வரை தூக்கம். "இப்பவே பம்மலுக்குப் போங்க. நாளையிலிருந்து வர வேணாம்னு சொல்லிட்டு வாங்க."

போனான். பதினொன்றரைக்குத் திரும்பினான். முகத்தில் ஈயாடவில்லை.

"அபி... தனக்கோடி தை மாசமே செத்துட்டாங்களாம். அவங்க மகன் சாம்பசிவன் சொன்னான். மாலை போட்ட போட்டோ இருக்கு."

"அப்போ அன்னைக்கு யாரைக் கூட்டிட்டு வந்தீங்க?"

"நான்... போகவே இல்ல. அக்கா போன் பண்ணி வரச் சொல்லியிருப்பாங்கன்னு..."

"நான் சொல்லலடா! நீ கூட்டிட்டு வந்தேன்னுல்ல நினைச்சேன்!" என்றாள் ஞானசௌந்தரி.

ஒரு வார்த்தை. மூன்று பேரில் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அபி... குழந்தை ராத்திரியெல்லாம் அழுதுச்சே... நான் அதை அவளுக்குத் தவிட்டுக்கு வித்துட்டேன்."

தங்காது என்று பயப்படுகிற பிள்ளையை வேறொருத்திக்கு ஒரு பிடி தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். அடுத்தவள் பிள்ளை என்று சாவு விலகிப் போகுமாம். சும்மா சாங்கியம்தான். பிறகு அதே தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் முதல் வரிசையில் உட்காருகிறவள் இதை வெளியே சொல்வாளா?

"இது உன் புள்ள, நீயே எடுத்துக்கோன்னு மூணு தடவை சொல்லி மடியில போட்டேன். தவிட்டை முன்னாடியே முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்தா, அபி. நான் கேட்கிறதுக்கு முன்னாடியே..."

"அந்தத் தவிடு எங்க, அண்ணி?"

ஞானசௌந்தரி முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க?"

"வீணாப் போகுதேன்னு... பால்காரர் மாட்டுக்குப் போட்டுட்டேன்."

அன்றிரவு கிரில் கேட்டுக்கு இரண்டு பூட்டு. ஸ்டெபின் பைபிளை அணைத்துக்கொண்டு காவல் உட்கார்ந்தான். வழக்கம்போலத் தூங்கிப்போனான். பிள்ளையை இறுக்கிக்கொண்டு அபிகாயில் மட்டும் விழித்திருந்தாள். ஏழு மணி ஆனது.

சத்தமே இல்லை.

அவள் வரவில்லை. அதற்குப் பிறகு என்றைக்குமே வரவில்லை. பிள்ளை மெல்லப் பால் குடித்தான், தேறினான். அபிகாயில் யாரையும் இளக்காரம் செய்வதை விட்டுவிட்டாள். பயந்தவளுக்கு அதற்கெல்லாம் தெம்பு ஏது?

பிள்ளைக்குப் பத்தாவது மாதம். அவள் தினமும் மடியில் வைத்து "மம்மி... சொல்லு, மம்மி..." என்று சொல்லிக் கொடுப்பாள். வாய் திறக்கமாட்டான்.

ஒருநாள் காலை ஏழு மணி.

தவழ்ந்துபோய் கிரில் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றான்.

தெருவில் யாரும் இல்லை. வெளிக் கேட் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

அவன் சிரித்தான். தூக்கச் சொல்லி இரண்டு கையையும் வாசல் பக்கம் நீட்டினான்.

"அம்மா..."

அபிகாயில் அவனுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.