மச்சான் பெயரில் விழுங்கிய மாத்திரை

சவுரிராயன் மாத்திரையை விழுங்கியதும் வாயை அகலத் திறப்பார். நாக்கை மேலே மடிப்பார். ஒரு விரலால் இடக்கன்னத்தை இழுத்துக் காட்டுவார், பிறகு வலக்கன்னத்தை. எதிர் சீட்டில் யார் இருந்தாலும் அவர்களுக்குத்தான் காட்டுவது. விழுப்புரத்திலிருந்து தாம்பரம் போகும் காலை பாசஞ்சரில் பலநாள் பார்த்திருக்கிறேன்.

"இன்னாண்ணா, நான் இன்னா பல் டாக்டரா?" என்று பூக்கூடை கெங்கம்மாள் கேட்க, பெட்டியே சிரித்தது.

அவரும் சிரித்தார். "பழகிப்போச்சி தாயி. அங்க காட்டலைன்னா வுடமாட்டாங்க."

அங்கே என்றால் சென்னையில் ஒரு மருந்துச் சோதனை நிலையம். அவர் திண்டிவனத்துப் பெயிண்டர். மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது காசுக்காக அங்கே போய்ப் படுப்பார். புதிதாகச் செய்த மலிவு மாத்திரையைக் கொடுத்து, பழைய மருந்தைப் போலவே ரத்தத்தில் கலக்கிறதா என்று ஊசி குத்திக் குத்திப் பார்ப்பார்கள். கடைசியாக விழுங்கியது வலிப்பு மாத்திரை. அதிலிருந்து தலைசுற்றல் நிற்கவில்லை; ரயிலில் விழுங்குவதும் அதற்குத்தான். சாரத்தில் ஏறினால் தரை மேலே வருகிறதாம். இப்போது கீழே நின்று பட்டி தேய்க்கிறார்.

"அங்கயே சொல்லலியாண்ணா?" என்று கேட்டேன்.

"சொன்னா பாதியில அனுப்பிருவாங்கன்னு ஆள் புடிக்கிறவரு சொல்லிட்டாரு தம்பி. கேக்கும்போதெல்லாம் ஒண்ணுமில்லைங்கன்னேன். பக்கத்துக் கட்டில்ல வாந்தி எடுத்தவனும் வாயத் தொடச்சிக்கினு அதையேதான் சொன்னான்."

மருந்துக் கம்பெனிகளை வாங்க வருகிறவர்களுக்கு, எந்த மருந்து விற்கிறது, எது சோதனையில் இருக்கிறது என்று எடைபோட்டுச் சொல்வது எங்கள் அலுவலக வேலை. அந்த வாரம் வந்த கம்பெனியின் கோப்பில் அதே வலிப்பு மாத்திரை, அதே நிலையம். எதிரே, 'பக்கவிளைவு ஏதுமில்லை.' வாந்தியைத் துடைத்துக்கொண்டு ஒருவன் சொன்ன பொய் கம்பெனியின் சொத்துக் கணக்கில் ஏறியிருந்தது.

மேலாளர் பானுப்ரியாவிடம் சொன்னேன். "ரயில்ல கேட்டதை ரிப்போர்ட்ல எழுத முடியாதுப்பா. அவரை அங்க புகார் பதியச் சொல்லு. பதிஞ்சா எழுதுறேன்."

சவுரிராயனோடு நானும் அந்த நிலையத்துக்குப் போனேன். வைத்தியம் பார்த்து மறுபடி சாரம் ஏறவிட்டால் போதும் அவருக்கு. கவுண்டரில் உட்கார்ந்திருந்த அம்மா கணினியில் தேடினார். "இந்த ஆய்வுல உங்க பேரே இல்லையே."

அவர் என் காதருகே வந்தார். ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் மூன்று மாதம் விட வேண்டும். விடவில்லை. மச்சான் அறிவுச்செல்வனின் ஆதாரைக் கொடுத்திருந்தார். "அந்த போட்டோல எல்லாரும் ஒரே மாதிரிதான தம்பி இருக்குறோம்."

கவுண்டர் அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. "அப்போ நீங்கதான் எங்களை ஏமாத்தியிருக்கீங்க. போலீசுக்குப் போகாம விடுறோமேன்னு சந்தோஷப்படுங்க."

அவர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். அந்தக் கும்பிடு எனக்கு இன்னும் ஆறவில்லை. ரத்தம் அவருடையது, அது ஆய்வுக்கு ஆகும். தலைசுற்றலும் அவருடையதுதான், அது மட்டும் ஆகாதாம்.

புகார் பதியவில்லை. கோப்பின் வரி அப்படியே நின்றது. கம்பெனி கைமாறியது. சவுரிராயன் கீழேதான் நிற்கிறார்.

சில மாதம் கழித்து, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் சவுரிராயனோடு நின்ற அறிவுச்செல்வனைப் பார்த்தேன். அப்போதுதான் சொன்னார்: "மாமாவுக்கு முன்ன நானே அங்க போனேங்க. என் ஆதாரை கம்ப்யூட்டர்ல ஏத்தி, போட்டோவும் புடிச்சிக்கினு, ரத்தம் கம்மின்னு திருப்பி அனுப்புனதே அந்த கவுண்டரம்மாதான். அதே ஆதாரை மாமா நீட்டுனப்போ ஒண்ணும் கேக்காம உள்ள வுட்டதும் அவங்கதான்."