பூஸ்டர் அறையில் அடித்த நாற்றம்

கஞ்சிக்கோட்டில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடிக்கும் ஆலையொன்றில் எனக்குப் பராமரிப்பு வேலை. குழாயில் வரும் எரிவாயுவின் அழுத்தம் உலைக்குப் போதாது. வேகமாகச் சுழலும் விசிறியால் அதை உறிஞ்சி அழுத்தம் ஏற்றித் தள்ள இரண்டு பூஸ்டர்கள் உண்டு. ஒன்று ஓடும், மற்றது ஓய்வில் இருக்கும். ஓய்வு என்று பெயர்தான், அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். பேரிங் மாற்றி, மோட்டாரோடு நேர்ப்படுத்தி, கைகழுவப் போகும்போது ஓடிக்கொண்டிருக்கும் மற்றது முனக ஆரம்பிக்கும். வருஷக்கணக்கில் இதே கதை.

பூஸ்டர்களை ஓட்டியவர் என்னைவிட மூத்தவர். கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கிணறு வற்றித் தோப்பு காய்ந்த பிறகு ஆலைக்கு வந்தவர். வேலையில் சுத்தம். அவர் இருந்தால் எனக்குப் பாதி பாரம் குறையும்.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் பூஸ்டர் அறைக்குப் போனேன். வாசலிலேயே எரிவாயு நாற்றம் முகத்தில் அடித்தது. கூரையில் இருந்த கசிவு அலாரம் பழுதாகி, புதியது வரும்வரை மூக்கை நம்பித்தான் இருந்தோம். உள்ளே அவர் ஓடுகிற பூஸ்டரை ஒட்டி நின்று, நிதானமாக பேரிங்குக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, கேஸ் இந்த அடி அடிக்குது, நின்னுட்டிருக்கறீங்க?"

நிமிர்ந்து பார்த்தார். "அடிக்குதுங்களா?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து, சுவரிலிருந்த அவசர பட்டனை அடித்தேன். வால்வு மூடியது, உலை அணைந்தது. நல்லவேளை, எங்கும் ஒரு பொறி விழவில்லை. காற்று தெளிந்ததும் பூஸ்டருக்குள் எரிவாயுவுக்குப் பதில் நைட்ரஜனை ஏற்றிச் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். விசிறித் தண்டு வெளியே வரும் இடத்தில், வாயு கசியாமல் அடைக்கும் சீல் தேய்ந்து நுரை பொங்கியது.

அவர் வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார்.

"காய்ச்சல் வந்து போனதுல இருந்து வாசமே தெரியறதில்லீங்க தம்பி. ஊட்டுல பால் தீஞ்சாக்கூடத் தெரியாது. மேல சொல்லிராதீங்க. கண்ட எடத்துல தூக்கிப் போட்ருவாங்க."

"நான் சொல்லலீங்ணா. நீங்களே சொல்லிருங்க. நாளைக்கும் நீங்க இங்க நின்னா, நான் உள்ள வரமாட்டேன்."

"பயமுங்களா?"

"ஆமாங்ணா."

கையைத் துணியில் வெகுநேரம் துடைத்தார். பிறகு எழுந்து சூப்பர்வைசரிடம் போனார். அந்த மலையாளி திட்டவில்லை. "இது நேரத்தே பறயண்டே?" என்று மட்டும் கேட்டாராம். முன்பே சொல்லியிருக்க வேண்டாமா என்று.

மறுவாரமே அவரை லாரியில் சரக்கேற்றும் பகுதிக்கு மாற்றினார்கள். பூஸ்டருக்கு வேறு ஆள் வரவில்லை. ஓட்டுவதும் நான், பிரிப்பதும் நான் என்றானது. வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றக் குனிய முடிவதில்லை. கேண்டீனில் அவர் என்னைப் பார்த்தால் வேறு மேஜைக்குப் போய்விடுவார். நல்லதுதான் செய்தோம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அதில் களைப்பு ஒன்றும் குறையவில்லை.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

"கொழம்பு ஊசிருச்சுங்களான்னு பாருங்க தம்பி."

முகர்ந்து பார்த்தேன். "நல்லாருக்குதுங்ணா."

அவர் சாப்பிட ஆரம்பித்தார். சங்கு ஊதும்வரை நான் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.