நான் உருவிய எஸ்எஸ்டி

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் பில் கணக்கெல்லாம் இருக்கும் சர்வர் கம்ப்யூட்டரை ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டவன் நான். புதிதாக வந்த ஷாஹினா, அடிக்கடி தேவைப்படும் விவரங்களை வேகமாக எடுத்துத்தர, அதில் எஸ்எஸ்டி என்னும் அதிவேக டிஸ்க் ஒன்றைச் செருகினாள். பில் பறந்தது. முதலாளி அவளை மெச்ச மெச்ச, எனக்கு வயிறு எரிந்தது.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில், பில்கள் அழிந்து அவள் பெயர் கெடட்டும் என்று அதை உருவினேன். வேகம்தான் குறைந்தது, ஒரு பில்கூட அழியவில்லை. ஓடிவந்த ஷாஹினா என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"இதுல காப்பிதாண்ணே கீது. ஒரிஜினல் உங்க பழைய டிஸ்க்லதான்" என்று வாங்கிச் செருகினாள்.

முதலாளி வந்து, "இன்னாம்மா ஆச்சு?" என்றார்.

"லூஸா இருந்துச்சு சார். அண்ணன்தான் கண்டுபுடிச்சாரு."

அவர் என் தோளைத் தட்டினார். வெட்கப்பட வேண்டிய அந்த நொடியில்கூட, நல்ல மனதிலும் இவள் என்னை முந்திவிட்டாளே என்று பொறாமைதான் பட்டேன்.