அப்பா நகர்த்தாத காய்

பலகை விளையாட்டு உண்டாக்க ஆசைப்பட்டு என்னிடம் யோசனை கேட்க வருகிறவர்கள், முதலில் வர்ணம் பூசிய பலகையைத்தான் காட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு தடவைகூட ஆடிப் பார்க்காத ஆட்டத்துக்கு எதற்கு இத்தனை அலங்காரம்? பழைய காலண்டர் அட்டையும் கரித்துண்டும் போதும். ஆடிப் பார்த்தால் எப்படியும் பாதியை அழிக்க வேண்டிவரும்.

என் முதல் ஆட்டம் அப்படி ஒரு காலண்டரின் முதுகில்தான் பிறந்தது. பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ரயில் சத்தம் ஓயாத வீடு எங்களுடையது. ரயில்வேயில் கார்டாக இருந்த அப்பாவைப் பக்கவாதம் படுக்க வைத்திருந்தது. பேச்சு போய்விட்டது, வலது கையும் போய்விட்டது. நினைவாவது இருக்கிறதா என்று டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை. தம்பியோ முடிவே கட்டிவிட்டான். பார்க்க வருகிறவர்களிடம், அவர் காதுபடவே, "நைனாக்கு ஒண்ணும் புரியாதுங்க" என்பான்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்த கையோடு, பெங்களூரிலிருந்து ஜோலார்பேட்டை வரை அட்டையில் தண்டவாளம் வரைந்தேன். ஸ்டேஷன்கள் புள்ளிகள், இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு கட்டம். அப்பாவுக்குப் புளியங்கொட்டை, எனக்குச் சட்டைப் பொத்தான். சோழியில் விழுந்தபடி நகர வேண்டும். எதிராளி நிற்கும் கட்டத்துக்குப் போனால் அவர் காயை வெட்டலாம்.

அப்பா இடது கையால் சோழி போட்டார், காயையும் நகர்த்தினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் மாலூர் ஸ்டேஷன் தாண்டி நின்ற என் பொத்தானை வெட்டுகிற எண் விழுந்ததும், காயை மாலூரிலேயே நிறுத்திக் கையை எடுத்துக்கொண்டார்.

"வெட்டு நைனா" என்றேன். அசையவில்லை. நானே புளியங்கொட்டையைக் கட்டத்தில் வைத்தேன். எடுத்து மாலூரில் வைத்தார். மறுபடி வைத்தேன். மறுபடியும் மாலூர்.

"சொன்னேனே அக்கா. விடேன், எதுக்கு அவர சும்மா ஹிம்சை பண்ற?" என்றான் தம்பி.

அட்டையைச் சுருட்டப் போனேன். வெளியே ஒரு கூட்ஸ் வண்டி சிக்னலுக்குக் காத்துக் கூவிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிஜத் தண்டவாளத்தில் ஒரு விதி உண்டு. முன்னால் போன வண்டி அடுத்த ஸ்டேஷனைச் சேரும்வரை பின்வண்டிக்கு லைன் கிளியர், அதாவது கிளம்ப அனுமதி, கிடையாது. கிளியர் இல்லாமல் எந்த கார்டும் கொடி காட்டமாட்டார். இரண்டு வண்டிகள் மோதுவதற்கு என் ஆட்டத்தில் வெற்றி என்று பெயர் வைத்திருந்தேன்.

வெட்டுவதை அன்றே எடுத்துவிட்டேன். முன்காய் நகரும்வரை பின்காய் ஸ்டேஷனில் காத்திருக்கவேண்டும். ஆட்டமும் இரண்டு மடங்கு சூடுபிடித்தது. ஆகவே என்னிடம் வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: ஆடுகிறவர் உங்கள் விதிக்கு அடங்காவிட்டால் அவரைத் திருத்தாதீர்கள். வாயை மூடிக்கொண்டு அவர் கையைப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியையும் இழுத்து உட்கார வைத்தேன். கடனே என்று ஆடியவன், அவசரத்தில் தன் காயை அப்பாவின் கட்டத்துக்குள் தள்ளினான். அப்பாவின் இடது கை பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது. டியூட்டி நாட்களில் நாங்கள் நடுங்கிய அதே கோபம் அந்தக் கண்களில் இருந்தது.

தம்பி காயைப் பின்னுக்கு எடுத்தான். "சரி நைனா, லைன் கிளியர் வரட்டும். நிக்கிறேன்" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "அப்பாக்கு எப்படி இருக்குப்பா?" என்று தம்பியிடம் விசாரித்தார்.

தம்பி கட்டிலருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"அவரையே கேளுங்க" என்றான்.