இரண்டு எழுத்துக் காசு

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு இருந்த ஒரே ஆசை தூக்கம்தான். சங்கரன்கோவிலில் ஒரு பள்ளியில் சரித்திர டீச்சராக இருந்தேன். வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருடமாகியிருந்தது. காலையில் அவரைத் துடைத்து, கஞ்சி ஊட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடுவேன். சாயங்காலம் வந்ததும் மறுபடி அதே வேலை. தெரு முழுக்க விசைத்தறிச் சத்தம்.

அவர் படுப்பதற்கு முன்பே ஓர் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்திருந்தேன். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் இந்தியாவின் வடமேற்கு எல்லையை ஆண்ட கிரேக்க அரசர்களின் வெள்ளிக் காசுகள் பற்றியது. ஒரு பக்கம் அரசனின் தலை, சுற்றிலும் கிரேக்க எழுத்து. மறுபக்கம் அதே பட்டப்பெயர் உள்ளூர்ச் சனங்களின் மொழியில், கரோஷ்டி என்ற பழைய எழுத்தில். சந்தையில் காசு செல்ல வேண்டுமென்றால் சந்தைக்காரன் பாஷையையும் அதில் பொறித்தாக வேண்டும் என்று அரசனுக்குத் தெரிந்திருந்தது; இதுதான் என் வாதம். ஆனால் அப்படி ஒரு காசை நான் கண்ணால் பார்த்ததில்லை. எல்லாம் புத்தகப் படம்.

எதிர்வீட்டு அண்ணாச்சி துண்டு வியாபாரி. அமிர்தசரஸ் வரை சரக்குக் கொண்டுபோவார். ஒருநாள் என்ன படிக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். சொன்னதை மறந்தும் போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அமிர்தசரஸ் ரயிலிலிருந்து இறங்கிய கையோடு அண்ணாச்சி வந்து கைக்குட்டையை அவிழ்த்தார்.

"டீச்சர், நீங்க சொன்ன காசு இதானா பாருங்க. ரெண்டு பக்கமும் எழுத்து இருக்கு."

வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தலை இருந்தது, எழுத்தும் இருந்தது. ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு சுற்றி ஓடியது. அந்த அரசர்களின் காசு அடித்துச் செய்தது; அதில் இந்தக் கோடு இருக்காது. உருக்கி ஊற்றியதில்தான் இருக்கும்.

பொய் சொல்லியிருக்கலாம். அதற்குக்கூடத் தெம்பில்லை.

"இது பழைய காசு இல்ல அண்ணாச்சி. இப்ப வார்த்தது."

அவர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வித்தவன் பேசினது எனக்கு விளங்கல. நான் பேசினது அவனுக்கு விளங்கல. கையைக் காட்டிக் காட்டித்தான் வாங்கினேன். டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தான், டீச்சர்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "உங்களாலதான் இவர விட்டுட்டு எங்கயும் போக முடியாதே. அதான் தேடுனேன்."

கட்டிலிலிருந்து வீட்டுக்காரர் நல்ல கையை நீட்டினார். காசைக் கொடுத்தேன். கட்டைவிரலால் இரண்டு பக்கமும் வெகுநேரம் தடவினார். குழறலாக ஏதோ சொன்னார். புரியவில்லை. இன்னொரு தடவை சொன்னார்.

"காப்பி."

வந்தவருக்குக் காப்பி கொடுக்கச் சொல்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. போட்டுக் கொண்டுவந்தேன். மூன்று பேரும் குடித்தோம்.

அந்த மாதமே ஆராய்ச்சியை ஒப்படைக்கும் கெடு முடிகிறது என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. அவகாசம் கேட்டு எழுத இன்லண்ட் லெட்டர் வாங்கி வைத்தேன். எழுதவில்லை. அரையாண்டுத் தாள்கள் திருத்த வேண்டியிருந்தது.